விடை கீழே இருக்கிறது

சுருக்கமாகப் பேச எனக்கு வராது, சார். தொழில் அப்படி. மணி என்ன என்று யாராவது கேட்டால், கடிகாரம் என்றால் என்ன என்பதில் தொடங்கித்தான் நான் மணிக்கு வந்து சேருவேன். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். நீங்கள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் இருந்த காவலர் "என்ன தொலைஞ்சுது?" என்று கேட்டார். எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம் என்றேன். நிருபர் என்று நினைத்துக்கொண்டு, கால் ஆடாத நாற்காலியாகப் பார்த்துப் போட்டார். எழுத்தாளன் என்று எனக்குக் கிடைத்த முதல் மரியாதை ஒரு காவல் நிலையத்தில் கிடைத்திருக்கிறது. நான் வந்தது என் அண்ணன் சாவைப் பற்றிப் பேச. நீங்கள் அதை விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணி என்னைப் போலீசுக்குப் போகச் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்டது வேறு ஒரு சின்ன வேலை. அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் ஓர் இணையதளத்தில் கட்டுரை எழுதுகிறவன். சட்டைக் கறையை எடுப்பது எப்படி, விக்கலை நிறுத்துவது எப்படி, ஈரச் சுவரில் பூஞ்சை வந்தால் என்ன செய்வது. ஆட்கள் எதைத் தேடுகிறார்களோ அதை எழுதுவோம். ஆட்களுக்காக எழுதுவோம் என்று நான் சொல்லவில்லை, கவனியுங்கள். தேடுபொறி என்று ஒன்று இருக்கிறது. அதற்குப் பிடிக்கிற மாதிரி எழுதினால் அது நம்மை முதலிடத்தில் உட்கார வைக்கும். பிடிக்காவிட்டால் ஒரு மூலையில் தள்ளிவிடும், அங்கே ஈ காக்கை வராது. அதன் மனம் கோணாமல் நடந்துகொள்வதுதான் என் உத்தியோகம். கல்யாணம் ஆகியிருந்தால் மாமனார் வீட்டில்கூட இவ்வளவு பணிவு காட்டியிருக்க மாட்டேன்.

ஆனால் நான் இதற்கு முன் கதை எழுதியவன், சார். ஒரு தொகுப்பு வந்தது. அதை வாங்கிய ஒரே ஆள் என் அண்ணன். ஒரு பிரதி அல்ல, பெட்டி பெட்டியாக வாங்கினார். அவர் பிளம்பர். எந்த வீட்டில் குழாய் சரி செய்தாலும் கிளம்பும்போது புத்தகத்தை எடுத்து நீட்டுவார், "நம்ம தம்பி எழுதினது, படிச்சுப் பாருங்க" என்று. சில வீடுகளில் அடுத்த தடவை வேறு பிளம்பரைக் கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அவர் என்னைவிட ஒரு மாமாங்கம் மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது அவர்தான். அவருக்கு என் எழுத்து புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் எழுதிய எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார். இணையதளத்தில் சேர்ந்த பிறகும் விடவில்லை. விக்கல் கட்டுரையைப் படித்தார். பூஞ்சைக் கட்டுரையைப் படித்தார். "பயனுள்ளதாக இருந்தால் பகிருங்கள்" என்று கீழே போடுவோமே, அதையும் படித்துவிட்டு உண்மையாகவே பகிர்வார்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"இதெல்லாம் யாருக்குடா எழுதுற?"

"தேடுபொறிக்கு."

"அது படிக்குமா?"

"எண்ணும்."

"எண்ணிட்டு?"

"மேல ஏத்தி விடும்."

சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, அது எண்ணட்டும். நான் படிக்கிறேன்" என்றார். அப்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

எங்கள் அலுவலகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு நாங்கள் உச்சி என்று பெயர் வைத்திருந்தோம். எதைப் பேசினாலும் "உச்சிக்குப் போகணும்பா" என்றுதான் முடிப்பார். நல்ல மனுஷன், யாரையும் கடிந்து பேச மாட்டார். அவரிடம் இரண்டு விதிகள் உண்டு. விடையை மேலே வைக்கக் கூடாது என்பது ஒன்று. "விடை கிடைச்சவன் எந்திரிச்சுப் போயிடுவான். போகவிடாம வச்சுக்கணும். பந்தியில கடைசி அயிட்டம் வர்ற வரைக்கும் எவனாவது எந்திரிப்பானா?" என்பார். இன்னொன்று, யார் எதைக் கேட்டாலும் வாயால் பதில் சொல்லக் கூடாது, லிங்க் அனுப்ப வேண்டும். நாம் பதில் சொன்னால் அது காற்றோடு போச்சு. லிங்க் அனுப்பினால் ஒரு வருகை கணக்கில் சேரும்.

இந்த இரண்டாவது விதி எனக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. என் மாமா மகள் ஒரு தடவை, சட்டையில் மை கொட்டிவிட்டது, என்ன செய்ய என்று அவசரமாகக் கேட்டாள். லிங்க் அனுப்பினேன். மையின் வரலாற்றைப் படித்து முடிப்பதற்குள் சட்டை போய்ச் சேர்ந்தது. குடும்பமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி நான் எழுதிய ஒரு பக்கத்துக்கு வருகிறேன். அதை எழுதச் சொன்னது அண்ணிதான். அவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவசரப் பிரிவில். ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்று பேசினார்.

"அடைப்பு எடுக்கிற ஆசிட்டைத் தண்ணின்னு நினைச்சுக் குடிச்சுட்டு வர்றாங்கடா. வீட்ல இருக்கிறவங்க வாந்தி எடுக்க வச்சுக் கூட்டிட்டு வர்றாங்க. உள்ள போகும்போது ஒரு தடவை வெந்து போகுது, வெளிய வரும்போது இன்னொரு தடவை வெந்து போகுது. நீதான் இவ்வளவு எழுதுறியே, இதை எழுதேன். முதல் வரியில போடு, வாந்தி எடுக்காதே. அடுத்த வரி, பாட்டிலைக் கையோட எடுத்துக்கிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வா. அவ்வளவுதான். அதுக்குக் கீழ நீ என்ன வேணா எழுதிக்கோ."

அப்படியே எழுதினேன். முதல் வரியில் அண்ணியின் இரண்டு சொற்கள். மொத்தமே கையளவு கட்டுரை. உச்சி அதைப் படித்துவிட்டு, "நல்லா இருக்குப்பா. மனுஷனுக்கு எழுதின மாதிரி இருக்கு" என்றார். எங்கள் அலுவலகத்தில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது. அவர் சொன்னது போலவே ஆயிற்று, பக்கம் எங்கோ அடியில் கிடந்தது. ஒருவர்கூட வரவில்லை. ஆளே பார்க்காத இடத்தில் நல்ல வரி இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்கள். நாலு பேர் கண்ணில் பட்டால்தானே நாலு பேர் பிழைப்பார்கள். அந்த நல்லெண்ணத்தில்தான் நான் அதை மாற்றி எழுதினேன்.

மாற்றி எழுதியது இப்படித் தொடங்கும், எனக்கு மனப்பாடம்: "குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது? குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று பலரும் கேட்கிறார்கள். குழாய் அடைப்பு நீக்கும் திரவத்தைக் குடித்துவிட்டால் என்ன செய்வது என்று தெரிந்துகொள்வோம். அதற்கு முன், குழாய் என்றால் என்ன என்று பார்ப்போம்."

அதற்குப் பிறகு "வாந்தி எடுக்க வைப்பது எப்படி?" என்று ஒரு தலைப்பு. அது தப்பான வழி என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆட்கள் பதற்றத்தில் அதைத்தான் தேடுகிறார்கள், அதனால் அந்தச் சொற்கள் பக்கத்தில் இருந்தாக வேண்டும். உப்புத் தண்ணீர் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம் என்று அதன் கீழ் எழுதினேன். பொய் இல்லை, வழக்கம்தான். அந்த வழக்கம் ஆளைக் கொல்லும் என்பதைக் கீழே வைத்தேன். அடைப்பு வகைகள், ஆசிட் உருவான கதை, நல்ல ஆசிட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள், இவ்வளவுக்கும் பிறகு அண்ணியின் வரி.

பக்கம் மளமளவென்று ஏறி முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. உச்சி எழுந்து வந்து கை கொடுத்தார். அண்ணி மட்டும் ஒரு தடவை கேட்டார், "நான் சொன்ன வரி மேலயே இருக்குல்ல?" என்று. "எல்லாம் இருக்கு அண்ணி" என்றேன். அவருக்கு ஓய்வே கிடையாது, திறந்து பார்க்கவில்லை. என்னை நம்பினார்.

அண்ணன் படித்தார். அதாவது, படிக்க ஆரம்பித்தார். மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "கோவிச்சுக்காதடா. குழாய்னா என்னன்னு எனக்கே சொல்லிக் குடுக்கறியா? அந்த இடத்துல தூங்கிட்டேன்." என் எழுத்தில் அவர் முடிக்காமல் விட்ட ஒரே ஒன்று அது. எனக்குச் சுருக்கென்றது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் கூட்ட அறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. ஒரு பக்கத்தை யாராவது படித்தால் அதில் பச்சையாக ஒரு புள்ளி எரியும். படிக்கிறவர் கீழே போகப் போகப் புள்ளியும் இறங்கும். பெரும்பாலான புள்ளிகள் வந்த வேகத்தில் அணைந்துவிடும். நீளமான கட்டுரையில் ஒரு புள்ளி பாதி தாண்டினால் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்போம். அடிவரை போய்த் தொட்ட புள்ளியை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த நாள் அண்ணனுக்கு ஓய்வு நாள். ஊரில் எல்லார் வீட்டு அடைப்பையும் எடுக்கிறவர் வீட்டில் சமையலறைத் தொட்டி மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. அண்ணி சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அன்றைக்கு அவருக்கே ரோஷம் வந்து, அண்ணி வேலைக்குப் போன பிறகு உட்கார்ந்தார். பெரிய கேனிலிருந்து ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்வது அவர் பழக்கம், தொட்டிக்கடியில் ஒடுங்கி உட்கார்ந்து ஊற்ற அதுதான் வசதி. வேர்த்து விறுவிறுத்து எழுந்தவர், தாகத்தில் கைக்கு எட்டிய பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டார். இதுவரை உங்கள் கோப்பில் இருக்கிறது.

தொண்டை பிடித்துக்கொண்டது, பேச்சு வரவில்லை. அண்ணியின் போன் வேலை நேரத்தில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், அது அவருக்குத் தெரியும். எனக்கு எழுதினார். "அடைப்பு ஆசிட் வாயில போயிடுச்சுன்னா என்னடா பண்ணணும்?"

நான் கூட்டத்தில் இருந்தேன். அவரிடம் யாரோ வாடிக்கையாளர் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். லிங்க் அனுப்பினேன்.

சுவரில் பச்சைப் புள்ளி எரிந்தது. என் ஆசிட் கட்டுரையில், அந்த நேரத்தில் அது ஒன்றுதான். குழாய் என்றால் என்ன என்பதைத் தாண்டியது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். "எவனோ புண்ணியவான் உண்மையிலேயே படிக்கிறான்யா" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அது என் அண்ணன் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நமக்கு வாய்த்த ஒரே வாசகர் சொந்த அண்ணன்தான் என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? உப்புத் தண்ணீர் இருக்கும் இடத்தில் புள்ளி கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது. அடைப்பு வகைகளைத் தாண்டியதும் கைதட்டல் கேட்டது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சார். கதை எழுதிய காலத்தில்கூட யாரும் எனக்காகக் கை தட்டியதில்லை.

ஆசிட் உருவான கதையில் புள்ளி நின்றுவிட்டது. அணையவில்லை, நின்றது. நான் உச்சியைப் பார்த்தேன். "நிக்கட்டும்பா. திறந்து வச்சிருந்தாலே போதும், கணக்குல சேரும்" என்றார். கூட்டம் முடியும் வரை அது அங்கேயே எரிந்துகொண்டிருந்தது. போன் சமையலறைத் தரையில் கிடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு டம்ளரும் உப்பு டப்பாவும் இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்தான் சத்தம் கேட்டு வந்து அண்ணி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போனார். அன்று அவசரப் பிரிவில் அண்ணியின் முறை.

உள்ளே போனது ஒரு வாய்தான், அந்தப் புண் ஆறியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்தபோதுதான் எல்லாம் கிழிந்துபோயிருக்கிறது. இரண்டு நாள் கிடந்தார். பேச முடியவில்லை. நான் போய் நின்றபோது என்னைப் பார்த்து, திட்டு வாங்கப்போகிற பிள்ளை மாதிரி ஒரு முகம் வைத்துக்கொண்டு, கையை இப்படி ஆட்டிக் காட்டினார். முடிக்கவில்லை என்று சொன்னார், சார். கட்டுரையைப் படித்து முடிக்கவில்லை என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து, பரவாயில்லை அண்ணா என்றேன்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி அந்தப் போனை எடுத்தார். பக்கம் திறந்தபடியே இருந்தது. முதலிலிருந்து கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். தள்ளித் தள்ளி, ரொம்ப நேரம் கழித்து விரல் நின்றது. "இங்கயாடா வச்சிருக்க" என்றார். அழவில்லை, கத்தவில்லை. அதற்குப் பிறகுதான் அந்த வேலையைச் சொன்னார். "அந்த வரியை மேல வை. உப்புத் தண்ணியை எடு. வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

இதுதான் நடந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி உப்புத் தண்ணீரில் நின்றது என்றேனே, அப்போது எனக்கு அண்ணனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. "நான்தான்டா குடிச்சிட்டேன். ரொம்ப நீளமா இருக்கு. உப்புத் தண்ணி குடிக்கவா? ஒரு வார்த்தைல சொல்லு."

படித்தேன். அறையில் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லிவிட்டால் அவர் படிப்பதை நிறுத்திவிடுவார், புள்ளி அணைந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். விடை இன்னும் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அவர் வேகமாகப் படிப்பவர். நான் எழுதி அனுப்பும் நேரத்தில் அவரே அங்கே போய்ச் சேர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். போன தடவை பாதியில் விட்டவர்தானே, இந்தத் தடவையாவது முடிக்கட்டும் என்றும் தோன்றியது. மறைக்க விரும்பவில்லை, தோன்றியது. "கடைசி வரைக்கும் படிங்க" என்று பதில் போட்டேன். அது மூன்று சொல். அண்ணியின் வரி இரண்டு சொல்தான்.

அதனால்தான் அவர் ஆசிட் உருவான கதை வரை போனார். நான் சொன்னதைத் தட்டாமல், முடிந்தவரை படித்தார். அதற்கு மேல் பொறுக்க முடியாமல் டம்ளரை எடுத்திருக்கிறார். அண்ணி அந்தச் செய்தியையும் பார்த்தார். இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆக, என் அண்ணனைக் கொன்றது நான்தான். எந்தச் சட்டப் பிரிவில் வரும் என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது, அவசரமில்லை. மனசாட்சி உள்ளவன் என்பதால்தான் நானாக நடந்து வந்தேன். இனிமேல் மனிதர்களுக்காக மட்டுமே எழுதுவது என்று முடிவும் செய்துவிட்டேன். இதோ உங்களிடம் சொன்னதே அதற்கு ஒரு தொடக்கம்தான். நீங்களும் நடுவில் எழுந்து போகாமல் கேட்டீர்கள்.

அந்தப் பக்கமா? இருக்கிறது, சார். முதலிடத்தில்தான் இருக்கிறது. இல்லை, வரியை இன்னும் மேலே வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற பக்கத்தில் கை வைத்தால் சரிந்துவிடும். சரிந்தால் கீழே இருக்கும் அந்த வரியைக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள். அண்ணி கேட்டதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் இங்கே உட்கார்ந்ததிலிருந்து சிலர் வந்து போயிருப்பார்கள். எல்லாரும் குடித்துவிட்டு வருவதில்லை, சும்மா பார்க்க வருகிறவர்களும் உண்டு.

எதற்கு சார் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்புகிறீர்கள்? இப்போதேவா? தாராளமாக மாற்றிவிடலாம். பாஸ்வேர்டு எனக்கு மனப்பாடம், ஒரு நிமிட வேலைகூட இல்லை. அதற்கு முன், முதலிடம் என்றால் என்ன என்று பார்ப்போம்.